செங்கம் சாலையில் ஓர் அமெரிக்க ஓட்டு

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொலைத்தொடர்பியல் துறை மாணவி

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. மார்க் கிடையாது, பயப்பட வேண்டாம். இரண்டே கேள்விகள்தான்.

ஒன்று, அமெரிக்க ஜனாதிபதி யார்? "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பீர்கள். இரண்டு, உங்கள் வீடு எந்த வார்டில் இருக்கிறது, அதன் கவுன்சிலர் யார்?

லேபில் ஒரு ஆஸிலோஸ்கோப்புக்கு ஆறு பேர் காத்து நின்ற நேரத்தில் இதே கேள்விகளை நான் கேட்டுப் பார்த்தேன். முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள். இரண்டாவதற்குச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். அதிலும் ஒருத்தி அந்தக் கவுன்சிலருக்குச் சொந்தக்காரி!

நான் மட்டும் என்ன யோக்கியம்? 2024 அக்டோபர் வரைக்கும் எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு உறைக்க வைத்தவர் ஓர் அமெரிக்கப் பாட்டி. அந்தக் கதையோடு ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும்.

ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிர்காலம் வந்தால் பாதி முகம் வெள்ளை முகமாக இருக்கும். வாடகைக்கு வீடு எடுத்து ஐந்தாறு மாதம் தங்குவார்கள். ஆசிரமத்தில் தியானம், சாயங்காலம் கிரிவலப் பாதையில் ஒரு நடை. அப்படி வருகிற ஒரு பாட்டி வீட்டில்தான் என் அம்மா சமையலும் வீட்டு வேலையும் செய்கிறார். பாட்டிக்குச் சொந்த ஊர் கலிபோர்னியா. தமிழில் "போதும்", "காரம் வேண்டாம்", "நாளைக்கு வாங்க" மூன்றும் நன்றாக வரும். மற்றதற்கு என் உடைந்த இங்கிலீஷ்.

அந்த அக்டோபரில் ஒருநாள் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு பிரிண்ட் எடுக்கணும், கடைக்குக் கூட வா" என்றார். ஏதோ விசா சமாச்சாரம் என்று நினைத்தேன். ஜெராக்ஸ் கடையில் வந்து விழுந்தது ஓட்டுச்சீட்டு! ஆம், அமெரிக்கத் தேர்தலின் உண்மையான ஓட்டுச்சீட்டு, திருவண்ணாமலை ஜெராக்ஸ் கடையில், சாதாரண ஏ4 பேப்பரில்! கடைக்கார அண்ணன், "இது செல்லுமாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் பாட்டியைக் கேட்டேன். செல்லுமாம். வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கர்களுக்கும் ஓட்டு உண்டு என்று 1986இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். கேட்பவர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு அனுப்பிவிட வேண்டும் என்று 2009இல் இன்னொரு சட்டம். சீட்டை நிரப்பி ஒரு உறையில் போட்டு, உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு, ரமணாசிரமம் தபால் நிலையத்தில், நம்ம 606603 முத்திரையோடு அனுப்பினார். அங்கே அந்தக் கையெழுத்தை, ஏற்கனவே அவர்களிடம் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். சில வாரம் கழித்து "உங்கள் ஓட்டு எண்ணப்பட்டது" என்று பாட்டியின் செல்போனுக்குச் செய்தியே வந்தது.

அவர் நிரப்பும்போது நான் பார்க்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால், காலியாக இருந்த சீட்டைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நான் படித்த அமெரிக்க அரசியல் பாடம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பாடம் போதுமானதாக இருந்தது.

நாம் நினைப்பது என்ன? டிரம்பா, கமலா ஹாரிஸா, ஒரு டிக் அடித்தால் முடிந்தது. உண்மையில் ஜனாதிபதி என்பது சீட்டின் முதல் கட்டம் மட்டும்தான். அடுத்து செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், மாநில சட்டசபை உறுப்பினர், உள்ளூர்ப் பதவிகள், பள்ளிக்கூட நிர்வாகக் குழு என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போகிறது. கேட்டால் நம்ப மாட்டீர்கள், கலிபோர்னியாவில் நம்ம பாலிடெக்னிக் மாதிரி இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜ்களின் நிர்வாகக் குழுவையும் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழுவில் மாணவர் பிரதிநிதி ஒருவரும் உட்கார வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். நம் பேரவைத் தலைவர் கவனிக்க!

அதற்கும் கீழேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஆளுக்குப் போடும் ஓட்டு முடிந்ததும் விஷயத்துக்குப் போடும் ஓட்டு. 2024இல் கலிபோர்னியா மக்களிடம் பத்துக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை'. ஒரு கேள்வி, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலராக உயர்த்தலாமா என்பது. சொற்ப வித்தியாசத்தில் அது தோற்றுப்போனது. இன்னொன்று, பள்ளிகளிலும் கம்யூனிட்டி காலேஜ்களிலும் கட்டடம் கட்டவும் பழுது பார்க்கவும் மாநில அரசு 1,000 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்பது. இது ஜெயித்தது. ஒரு லேபுக்குக் கூரை போடுவதா வேண்டாமா என்பதை, மகளைப் படிக்க அனுப்பும் ஒரு வீட்டு வேலைக்காரம்மா ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார் என்றால்... நான் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

இங்கே அமெரிக்கர்கள் தங்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டிவியில் எண்கள் ஓடுமே, அது பலருக்கும் புரிவதில்லை. மக்கள் போடும் ஓட்டு நேராக ஜனாதிபதிக்குப் போவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை 'தேர்வாளர்கள்' என்று ஒரு கோட்டா இருக்கிறது. பிரதிநிதிகள் சபை 435, செனட் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3, ஆக 538. பாதிக்கு மேல் 270 எடுத்தவர் ஜனாதிபதி. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாநிலக் கோட்டா மொத்தமும் போய்விடும். அதனால்தான் 2000ஆம் ஆண்டில் புளோரிடாவில் வெறும் 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் ஜனாதிபதி ஆனார். 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். நம்ம ஊர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? எனக்கென்னவோ அந்த முறை நியாயமாகப் படவில்லை. பாட்டிக்கும் படவில்லை.

கலிபோர்னியாவுக்கு 54 தேர்வாளர்கள். எந்தக் கட்சி அங்கே ஜெயிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். "அப்புறம் எதுக்குப் பாட்டி இவ்வளவு கஷ்டப்பட்டு ஓட்டு?" என்று கேட்டேன். ஜனாதிபதி ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம்தான், ஆனால் கீழே இருக்கும் இந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில் தன் ஓட்டுக்கு எடை அதிகம் என்ற பொருளில் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், "உங்க தெரு விளக்கு எரியலைன்னு உங்கம்மா தினமும் சொல்றாங்களே, அதுக்கு உங்க ஊர்ல யார் பொறுப்பு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "கவர்மெண்டு" என்றேன். "எந்த கவர்மெண்டு?" என்றார். மாட்டிக்கொண்டேன்.

அமெரிக்கத் தேர்தல் 2024 நவம்பர் 5 அன்று முடிந்தது. டிரம்ப் 312 இடம் வாங்கி ஜெயித்தார். நம்ம டீக்கடைகளிலும் ஒரு வாரம் அதே பேச்சு. அது அடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த நாட்களை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். மலை எங்களுக்குச் சாமி. சாமி இப்படிச் செய்யுமா என்று அம்மா அழுதார். நானும் அழுதேன். ஆனால் என் மண்டைக்குள் பாட்டியின் கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. மலைச் சரிவில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்ல வேண்டியது யார்? தண்ணீர் இறங்கும் ஓடையை யார் கணக்கில் வைத்திருக்கிறார்கள்? வாஷிங்டனில் யார் உட்கார்ந்தால் என்ன, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி நம்ம ஊரில்தானே இருக்கிறது!

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்லியில் பாராளுமன்றம், சென்னையில் சட்டமன்றம், இவை இரண்டும் நமக்குத் தெரியும். திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதியின் எண் 63. இந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவது அரசு ஒன்று இருக்கிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. இவை ஏதோ ஆபீஸ்கள் அல்ல, அரசியல் சட்டப்படியே அரசாங்கங்கள். 1992இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த 73ஆவது, 74ஆவது திருத்தங்கள்தான் இவற்றுக்கு இந்த அந்தஸ்தைத் தந்தன. நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் 18 வேலைகள் எழுதியிருக்கிறது. அதில் குடிநீர் உண்டு, கட்டடம் கட்டுவதை ஒழுங்குபடுத்துவது உண்டு, குப்பை உண்டு. தெருவிளக்கும் உண்டு! அரசியல் சட்டத்திலேயே எங்கள் தெருவிளக்கு இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "சட்டத்துல எரியுது, தெருவுல எரியலையே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரமணாசிரமத்தைச் சுற்றி ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. எது நகரம், எது ஊராட்சி என்பது குடியிருப்பவர்களுக்கே குழப்பம். 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடியோடு திருவண்ணாமலையும் மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை மாறிவிட்டது. நாங்கள் விளக்குக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனால், "உங்க தெரு எங்க எல்லையில வராது" என்றார்கள். அவர்கள் சொன்ன இன்னோர் அலுவலகத்துக்குப் போனால், அங்கேயும் அதே பதில். பந்து மாதிரி உதைபட்டோம். அப்பா அன்றைக்கு ஆட்டோ ஓட்டாமல் கூட வந்தது வீண்.

அந்த நேரத்தில் கைகொடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005இல் வந்தது. நம் தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால் 1997லேயே இப்படி ஒரு சட்டம் போட்டார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். அமெரிக்காவில் 1966லேயே போட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்! ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீ ஸ்டாம்ப், 'பொதுத் தகவல் அலுவலர்' என்று விலாசம், அவ்வளவுதான். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளைக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. எனக்கு அப்போது 17 வயது. நான் கேட்கலாமா என்று சந்தேகம். சட்டத்தில் 'குடிமக்கள்' என்றுதான் இருக்கிறது, வயது போடவில்லை. 2012இல் லக்னோவில் ஒரு பத்து வயதுச் சிறுமி, காந்தியடிகளுக்குத் 'தேசத் தந்தை' பட்டம் கொடுத்த உத்தரவின் நகல் வேண்டும் என்று மனுப் போட்டு மத்திய அரசையே தேட வைத்தாள். அப்படி ஓர் உத்தரவே இல்லையாம்!

நண்பர்களே, மனு எழுதுவதிலும் நம்ம பிராக்டிகல் ரெக்கார்டு மாதிரி ஒரு முறை இருக்கிறது. "ஏன் விளக்கு எரியவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. அது புகார், தகவல் கேட்பது ஆகாது. ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும். நான் இப்படிக் கேட்டேன்: இந்தத் தெரு எந்த உள்ளாட்சி அமைப்பின் எந்த வார்டில் வருகிறது? இங்கே பதிவேட்டின்படி எத்தனை விளக்குகள்? கடைசியாகப் பழுது பார்த்த தேதி என்ன? அதற்கு ஆன செலவு எவ்வளவு? இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே மனுவை அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது, ஒரே பக்கம். நான்கு கேள்விகளில் மூன்றுக்குப் பதில். அதில் எங்கள் வார்டு எண் தெளிவாக இருந்தது. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். இந்தத் தடவை யாரும் "எங்க எல்லை இல்லை" என்று சொல்லவில்லை. விளக்குப் போட்டார்கள். நடுவில் இரண்டு தடவை ஃபியூஸ் போனது, மறுபடி எழுதினேன். இப்போது எரிகிறது. அடுத்த பௌர்ணமி வரைக்கும் எரியும் என்று நம்பிக்கை!

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இதைவிட நேரான வழி இருக்கிறது. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதில் உறுப்பினர். சும்மா நாலு பேர் கூடி ஒப்பேற்ற முடியாது. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நகரங்களுக்கும் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. நம் மாவட்டம் உட்பட 2019இல் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபையில் கேள்வி கேட்க ஆள் இருப்பது இன்னும் முக்கியம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று உண்டு. 2002இல் அண்ணாமலையார் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக எடுத்துக்கொள்வதாகத் தொல்லியல் துறை அறிவித்தது. ஊரே எதிர்த்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. கடைசியில் கோயில் அறநிலையத் துறையிடமே திரும்பியது. எடுத்திருந்தால் நல்லதா கெட்டதா என்பதில் இரண்டு கட்சி உண்டு, அதற்குள் நான் போகவில்லை. அந்தச் சட்டப்படி, ஒரு கோயிலையோ கோட்டையையோ எடுக்கும் முன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை கேட்க வேண்டும். ஆட்சேபணை சொல்வதற்கென்று சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுரிமை. 18 வயது ஆனால் ஓட்டு தானாக வந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவில் 18 வயதுக்கு ஓட்டு 1971இல்தான் வந்தது. வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களைக் கட்டாயமாக அனுப்பினார்கள். சாகிற வயது 18, ஓட்டுப் போடுகிற வயது 21ஆ என்று மாணவர்கள் கேட்டார்கள். நமக்கு 1989 மார்ச் 28இல் வந்தது, 61ஆவது திருத்தம்.

ஆனால் வயதைவிடப் பெரிய தடை ஒன்று அங்கே இருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுக்குப் பெயர் பதியப் போனால் எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். பாஸா பெயிலா என்று அந்த அதிகாரி சொன்னதுதான் முடிவு. படித்தவர்களைக்கூடப் பெயிலாக்கினார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவில் நான்கு முதலாமாண்டு மாணவர்கள், வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த ஓட்டல் மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் படித்தது எங்கே தெரியுமா? விவசாய, தொழில்நுட்பக் கல்லூரியில். நம்ம ஜாதி! 1964 கோடையில் மிசிசிப்பிக்கு மாணவர்கள் நூற்றுக்கணக்கில் போய், பெயர் பதிய மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களைக் கொன்று மண்ணில் புதைத்துவிட்டார்கள். குட்மேனுக்கு வயது 20. அடுத்த வருடம் 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லித் தந்ததற்கு உயிர் விலை.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேயும் சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் 'படித்தவனுக்கு மட்டும் ஓட்டு' என்று வைத்திருந்தால்? எங்கள் குடும்பத்தில் தாத்தா கைநாட்டு, பாட்டி கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். எங்கள் பரம்பரையிலேயே முதல் ஓட்டு நான் போடுவதாக இருந்திருக்கும். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்காமலே ஓட்டுக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம், சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. அதிலும் ஒரு வேதனை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாத பெண்கள் சுமார் 28 லட்சம் பேரை, தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் பட்டியலில் சேர்க்கவில்லை. பெரும்பாலும் வடக்கே. பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

அந்தக் கதை எங்கள் வீட்டுக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தது. அதே மாதம்தான் எனக்கு 18 வயது முடிந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. 6 கோடியே 41 லட்சமாக இருந்தது 5 கோடியே 43 லட்சமாகக் குறைந்தது. அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். மற்றவர்களில் பெரும்பாலோர் இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் என் அம்மாவும் ஒருவர். நாங்கள் தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா பெயரை அப்போதே மாற்றிவிட்டார். அம்மா பெயர் கிராமத்திலேயே இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வருவார். இந்தத் தடவை வீடு பூட்டிக் கிடந்ததால் பெயர் போய்விட்டது. தப்பு எங்களுடையதுதான். இடம் மாறியதும் படிவம் 8 கொடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை. பெயர் போன பிறகு புது வாக்காளர் மாதிரி படிவம் 6, கூடவே ஓர் உறுதிமொழி.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். 2022லிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள். 17 வயது முடிந்தாலே முன்கூட்டி படிவம் 6 கொடுத்து வைக்கலாம். விடுதியில் இருப்பவர்கள் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதியலாம், விடுதி என்றால் கல்லூரியிலிருந்து சான்று வேண்டும். இரண்டு இடத்திலும் பதியக் கூடாது. சந்தேகம் என்றால் 1950 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வயது 21. இன்னும் மூன்றே வருடம்தான், யோசித்துக்கொள்ளுங்கள்!

ஒவ்வொரு ஜனவரி 25ஆம் தேதியும் நாம் மைதானத்தில் நின்று கையை நீட்டி வாக்காளர் உறுதிமொழி எடுக்கிறோம், வெயிலுக்குப் பயந்து கலைந்து போகிறோம். அன்றைக்கு ஆளுக்கொரு படிவம் 6 கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால் என்ன? அமெரிக்காவில் குடியுரிமை கேட்டு வருகிற வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு பரீட்சை உண்டு. 2025 அக்டோபரிலிருந்து 128 கேள்விகள் கொண்ட பட்டியல், அதில் 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். "உன் தொகுதிப் பிரதிநிதி பெயர் என்ன?" என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பரீட்சையை நமக்கு வைத்தால் நம் லேபில் எத்தனை பேர் இந்தியக் குடிமக்களாக மிஞ்சுவோம்?

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். இந்தத் திருத்தத்தில் பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தன் பெயரோ, பெற்றோர் பெயரோ இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. 2000களின் தொடக்கத்துப் பட்டியல். அப்போது அம்மாவுக்கு ஓட்டு வயது வரவில்லை. தாத்தா பெயரைத் தேடினோம். ஜெராக்ஸ் கடை அண்ணன் கம்ப்யூட்டரில் கிராமத்துப் பட்டியலைத் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஒரு பக்கத்தில் தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், வயது, வீட்டு எண், எல்லாம் இருந்தன. தாத்தா ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வசதிகூட இல்லாத குடும்பம். அவர் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அந்தப் பட்டியல்தான். அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். அண்ணன் அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

அதைக் குறித்துப் படிவம் கொடுத்தோம். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பட்டியல் வந்ததும் வாக்குச்சாவடி அலுவலரான டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். முதலில் என் பெயர் கண்ணில் பட்டது, அதே பக்கத்தில் நாலு வரி தள்ளி அம்மா பெயர்.

"எது, எந்த வரி?" என்று கேட்டார் அம்மா. அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏண்டி, இவ்ளோ அலைஞ்சதுக்கு இத்தினூண்டு எழுத்துலதான் போடுவாங்களா?" என்றார். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.